இருநூற்றில் ஒரு பங்கு

முன்பின் தெரியாதவர்களின் நோயைச் சுமப்பதா வேண்டாமா என்று அமலி முடிவெடுத்தது ஒரு சனிக்கிழமை காலையில், தட்டில் ஆப்பம் ஆறிக்கொண்டிருந்தபோது.

முடிவெடுத்தாள் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் மிகைதான். மருத்துவக் காப்பீடு இல்லாமல் வெளிநாட்டுக்கு விசா கிடையாது. காப்பீடு என்று வந்துவிட்டால் தூத்துக்குடியில் அந்தக் குடும்பத்துக்குத் தொம்மை மாமாவை விட்டால் வேறு ஆள் கிடையாது. ஊரில் ஏஜென்டுகளுக்கு என்ன பஞ்சம்? ஆனால் சொந்தக்காரர் ஒருவர் ஏஜென்டாக இருக்கையில் இன்னொருவரிடம் பாலிசி எடுத்துவிட்டு, அடுத்த கல்யாணப் பந்தியில் எந்த முகத்தோடு உட்காருவது?

தொம்மை, அமலியின் கணவன் கிளாட்வினுக்குச் சித்தப்பா. அறுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். அன்றும் வழக்கம்போல இரண்டு மாடி ஏறிவந்து, நாற்காலியில் உட்கார்ந்து, முழுச் செம்புத் தண்ணீரையும் குடித்த பிறகுதான் பேச்சைத் தொடங்கினார்.

"ரெண்டு வழி இருக்குளா. மொதல்ல துட்டு வழி. மாசாமாசம் கட்டுதோம், சீக்கு வந்தா அவன் செலவு பண்ணுதான். ஆனா நம்ம மிர்னாவுக்கு இளைப்பு இருக்குன்னு ஆஸ்பத்திரியில எழுதி வச்சிருக்கானே. எழுதியிருந்தா எவனும் எடுக்க மாட்டான். நாலு கம்பெனி கேட்டுப் பாத்துட்டேன்."

"அதைச் சொல்லாம விட்டா என்ன சித்தப்பா?" என்றான் கிளாட்வின். அவன் கப்பல் எஞ்சின் மெக்கானிக். வடகடலோரத்தில் ஹெல்விக் என்ற துறைமுக நகரத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது.

"லே, எஞ்சின்ல கீறல் இருக்குன்னு தெரிஞ்சும் மேல பெயின்ட் அடிச்சு அனுப்புவியா நீ? கடல்ல போய் நிக்கும்லே."

"ரெண்டாவது வழி என்ன மாமா?" என்று கேட்டாள் அமலி.

தொம்மையின் முகம் மலர்ந்தது. "ரெண்டாவது வட்டம். நம்மூர்ச் சீட்டு மாதிரிதான்னு வச்சிக்கயேன். சீட்டுல துட்டப் போடுதோம், இதுல ஒடம்பப் போடுதோம். இருநூறு பேரு ஒரு வட்டம். ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தா அவன் ஒத்தையா கெடந்து அனத்த வேண்டாம். அது இருநூறு பங்காப் பிரிஞ்சிரும். ஆளுக்கு ஒரு துளி. கொஞ்சம் கண்ணு எரியும், ஒரு கொட்டாவி வரும், அம்புட்டுதான். நோய்க்காரனும் எந்திரிச்சு வேலைக்குப் போயிருவான்."

"அதெப்படி மாமா பிரியும்?"

"கரண்டு எப்படி வருதுன்னு தெரிஞ்சிகிட்டா ஃபேன் போடுதோம்? தலையில ஒரு பட்டையக் கட்டிட்டு மூணு ராத்திரி தூங்கணும். அது ஒடம்பைப் படிச்சிக்கிடும். அதுக்குப் பொறவு நீ எந்த ஊர்ல இருந்தாலும் வட்டம் உன்னைக் கண்டுபிடிச்சிரும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ட்ரெயினிங்ல பாதி நேரம் நான் தூங்கிட்டேன்."

"பச்சப்புள்ளையையும் சுமக்க வைப்பாங்களா?"

"சேச்சே. பதினெட்டு வயசு வரைக்கும் பிள்ளைங்க சுமக்காது. அதுங்களோடதப் பெரியவங்க சுமக்கணும். ஒன்னோட கையில ஒரு பட்டி கட்டியிருப்பான். பெரிய ஆளோட நோவு வந்தா அதுல வெள்ளைப் புள்ளி தெரியும், பிள்ளையோடதுன்னா மஞ்சள். யாரு பிள்ளைன்னு மட்டும் தெரியாது. வட்டத்துல யாரு இருக்கான்னு யாருக்கும் சொல்ல மாட்டான், அது சட்டம். பாதிப் பேரு நீ போற ஊர்க்காரன், மீதி உலகத்துல எங்கெங்கயோ."

அவர் கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு. சுமந்த அன்னைக்கு ராத்திரி ஒரு துண்டு கனவு வருமாம். அந்த நோய்க்காரனோட கனவு. அதுவும் பங்கு பிரிஞ்சுதான் வரும். அதுக்குக் கம்பெனி பொறுப்பில்ல."

"நீங்க சேந்திருக்கீங்களா சித்தப்பா?"

"இது கடல் தாண்டிப் போறவங்களுக்குலே. நான் மாதா கோயிலத் தாண்டியே போறதில்ல."

அமலி வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். மிர்னாவுக்கு ஆறு வயது. துறைமுகத்துக் கரித்தூசி காற்றில் ஏறும் மாதங்களில் அவள் நெஞ்சு விசில்போலச் சத்தமிடும். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கும். அந்த நேரங்களில் பெற்றவளால் செய்ய முடிந்ததெல்லாம் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மட்டுமே.

"மாமா, மிர்னாவோட மூச்சுல ஒரு பங்கு எனக்கும் வருமா?"

"நீயும் இருநூத்துல ஒருத்திதானளா. கண்டிப்பா வரும்."

"அப்ப வட்டமே போதும்," என்றாள் அமலி.

பெரியவர்கள் இருவரும் அந்த வாரமே பட்டை கட்டிக்கொண்டு தூங்கினார்கள். மிர்னாவின் முறை வந்தபோது விசா நேர்காணலுக்கு இருவரும் சென்னை போக வேண்டியிருந்தது. பிள்ளையைத் தொம்மை வீட்டில், அவர் மகள் ஜெனிட்டாவின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது தொம்மை பட்டையைப் பெட்டியில் மடித்து வைத்திருந்தார். "மூணு ராத்திரியும் பதிஞ்சாச்சு, பச்சை லைட்டு வந்தாச்சு. நீங்க பெட்டியக் கட்டுங்க."

ஹெல்விக் நகரத்தில் எதற்கும் கூர்மையான ஓரம் கிடையாது என்று அமலிக்குத் தோன்றியது. கடல் எங்கே முடிகிறது, மூடுபனி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வெளிச்சம் பாலில் நனைத்த துணிபோல வீடுகளின் மேல் கிடக்கும். ஆட்கள் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். காதில் மாட்டிய மொழிபெயர்ப்புக் கருவி அதை இன்னும் தாழ்ந்த குரலில், பள்ளிக்கூடப் பாடப்புத்தகத் தமிழில் சொல்லும். அவள் வேலைக்குச் சேர்ந்த மீன் கூடத்தில் மேற்பார்வையாளர் ஒருநாள் ஏதோ சிரித்துக்கொண்டே சொல்ல, கருவி "இம்மீன் தங்களைவிட நன்கு உறங்குகிறது, அம்மையீர்" என்றது. நகைச்சுவை என்று புரிந்துகொள்ள அவளுக்கு மதியம் வரை ஆயிற்று.

அந்தக் கூடத்தில்தான் முதல் மூச்சு வந்தது. ஓடும் பட்டையில் வரும் மீன்களின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது அவள் வேலை. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மடித்த சேலை ஒன்றை யாரோ நெஞ்சின்மேல் மெல்ல வைத்தது போலிருந்தது. கனம் என்று சொல்ல முடியாது. மூச்சு இழுக்கும்போது ஒரு நூலிழை தடுத்தது, அவ்வளவுதான். மணிக்கட்டில் மஞ்சள் புள்ளி மினுங்கியது.

அமலி கையுறையைக் கழற்றிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பேசினாள். மிர்னா முற்றத்தில் ஓடிக்கொண்டிருப்பதாக ஆசிரியை சொன்னார். ஓடிக்கொண்டிருக்கிறாளா? ஓடிக்கொண்டிருக்கிறாள். அமலி மீன் பெட்டிகளுக்கு நடுவே நின்று அழுதாள். மேற்பார்வையாளர் ஓடிவந்து கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, எம்புள்ள ஓடுறா" என்றாள். அவருடைய கருவி அதை எப்படிச் சொன்னதோ, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு அந்த மூச்சுக்காக அவள் காத்திருக்கத் தொடங்கினாள். வாரத்துக்கு இரண்டு முறை, மூன்று முறை வரும். டிராமில் வரும், துணி மடிக்கும்போது வரும். வந்ததும் செய்கிற வேலையை நிறுத்தி நெஞ்சில் கை வைத்துக்கொள்வாள். வா ராசாத்தி, வந்து உட்காரு என்று மனதுக்குள் சொல்வாள். வயிற்றில் இருந்தபோது பிள்ளை உதைத்ததும் இப்படித்தான், அவளுக்கு மட்டும் தெரிகிற சேதியாக இருந்தது. பெற்று ஆறு வருடம் கழித்து அந்தச் சேதி மறுபடி வர ஆரம்பித்ததுபோல் இருந்தது அவளுக்கு.

இரவில் கனவும் வந்தது. எப்போதும் ஒரு மாடிப்படிதான். சிவப்புச் சிமென்ட் போட்டு, நடந்து நடந்து நடுவில் மழுங்கிய படிகள். சுவரில் காற்றுத் துவாரம் வழியே வெயில் சதுரம் சதுரமாக விழுந்து கிடக்கும். கனவில் அவள் ஏறிக்கொண்டே இருப்பாள். மேல்படி வருவதற்குள் கனவு கரைந்துவிடும். தூத்துக்குடி வீட்டுப் படியை நினைத்துப் பிள்ளை ஏங்குகிறாள் என்று அமலி எண்ணிக்கொண்டாள்.

"உங்களுக்கு என்னங்க வருது?" என்று ஒருநாள் கிளாட்வினைக் கேட்டாள்.

"எனக்குப் படமே கெடையாது. தலையில தேய்க்குத எண்ணெ வாசம் மட்டும் வருது. இருநூறு பேருக்குப் பிரிச்சதுல எனக்குக் கெடச்சது அதுதான். ஊர்ல சொத்துப் பிரிச்சப்பவும் எனக்கு அப்படித்தான்."

பனி விழுந்தது, உருகியது, மறுபடி விழுந்தது. வட்டத்தின் முதல் வருடம் முடியப்போகிற நேரத்தில் பள்ளிக்கூடத்தில் மருத்துவச் சோதனை நடந்தது. வெள்ளி முடியை ஆண்பிள்ளைபோல வெட்டியிருந்த மருத்துவர் மிர்னாவின் நெஞ்சிலும் முதுகிலும் நெடுநேரம் காது கொடுத்தார், படம் எடுத்துப் பார்த்தார்.

"தங்கள் புதல்வியின் நுரையீரல் மாசற்றது," என்றது அமலியின் காதுக் கருவி. "இறுதியாக மூச்சிரைப்பு வந்தது எப்போது?"

"போன செவ்வாய்க்கிழமை."

"இல்லம்மா," என்றாள் மிர்னா. "எனக்கு இங்க வந்ததுல இருந்து வரவே இல்லையே."

"வந்திருக்கும்டா. நாங்கல்லாம் பங்கு போட்டுக்கிட்டதால உனக்குத் தெரியல."

மருத்துவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வட்டத்தில் இருக்கிறீர்களா? வட்டம் வேதனையைப் பிரிக்கும். ஆனால் நோய் வந்துபோன தடம் நோயாளியின் உடம்பில் சிறிதேனும் இருக்கும். இந்தக் குழந்தையிடம் ஓராண்டாக ஒரு தடமும் இல்லை. இங்குள்ள காற்றில் தானாகவே சரியாகியிருக்கிறது. பல குழந்தைகளுக்கு அப்படி நடப்பதுண்டு. மகிழ்ச்சியான செய்திதானே?"

மகிழ்ச்சியான செய்திதான். பிறகு ஏன் கால் தரையில் பாவாததுபோல் இருக்கிறது என்று தெரியாமல் அமலி வெளியே வந்தாள். டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்த மிர்னா கண்ணாடியில் மூச்சை ஊதிப் பூனை வரைந்துகொண்டிருந்தாள்.

"மிர்னா, தூத்துக்குடியில தலையில ஒரு பட்டை கட்டித் தூங்கினியே, ஞாபகம் இருக்கா?"

"அதுவா? அதத் தொம்மைத் தாத்தாதான் கட்டிக்கிட்டாங்க."

"என்னது?"

"எனக்கு நெத்தியெல்லாம் அரிச்சுச்சு. அழுதேன். நீ தூங்கு ராசாத்தி, உனக்குப் பதிலா நான் போட்டுக்கிடுதேன்னு தாத்தா சொன்னாங்க. மூணு நாளும் அவங்கதான் போட்டுக்கிட்டாங்க. தாத்தாவுக்கு அது தொப்பி மாதிரி சின்னதா இருந்துச்சு. ஜெனிட்டா அத்தை ஒரே சிரிப்பு."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே," என்றாள் மிர்னா. பூனைக்கு மீசை வரையத் தொடங்கினாள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் கிளாட்வின் முதலில் சிரித்தான். சிரித்து முடித்தபின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அவரு தப்புன்னே நெனச்சிருக்க மாட்டாருளா. எனக்கு வயசு இருவது ஆனப்போ மொத பாலிசிக்கு மொத தவணையக் கட்டுனதே அவருதான். எங்க ஐயா ஊர்ல இல்லன்னா அவருக்குப் பதிலா கையெழுத்தும் போடுவாரு. ஆள் சேந்தாப் போதும், மிச்சத்த நாம பாத்துக்கிடுவோம்ங்கிறதுதான் ஏஜென்டு வேலைன்னு அவரு நெனப்பு. பட்டையையும் ஒரு கையெழுத்துன்னு நெனச்சிட்டாரு."

"அப்ப இந்த ஒரு வருசமா நான் சுமந்தது..."

"சித்தப்பாவோட இளைப்பு. உப்புக் கம்பெனியில மூட்டை கட்டுன காலத்துல பிடிச்சது அவருக்கு."

அமலிக்கு உடம்பு கூசியது. வா ராசாத்தி என்று எத்தனை முறை நெஞ்சைத் தடவிக்கொடுத்திருக்கிறாள். அத்தனையும் அறுபத்திரண்டு வயது மனிதர் ஒருவரின் மூச்சு. யாரோ தன்னை ஏமாற்றிக் கொஞ்ச வைத்துவிட்டதுபோல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் ஊருக்குப் பேசினாள்.

"ஏளா அமலி! எப்படிளா இருக்க? பிள்ளை எப்படி இருக்கா? பனி பெய்யுதா?" தொம்மையின் குரலில் ஒரு தடங்கலும் இல்லை. வாக்கியங்களை முழுசாக, ஒரே மூச்சில் பேசினார். அவர் அப்படிப் பேசி அமலி கேட்டதே இல்லை.

"நல்லா இருக்கோம் மாமா. நீங்க?"

"எனக்கென்ன? போன வருசத்துல இருந்து இன்ஹேலரத் தொடலளா! மாதாவுக்கு நேந்துகிட்டேன், கேட்டா நம்ப மாட்ட, தேர்த் திருவிழாவுல முழுசா வடம் பிடிச்சேன். ஜெனிட்டா வாயப் பொளந்துட்டா. இப்ப ஒரு நாளைக்குப் பத்து வீடு ஏறுதேன். இந்த வருசம் சோனல்ல பாலிசி பிடிச்சதுல நான்தான் முதலாளு. கப்பு குடுத்தானுவ. அனுப்பட்டுமா போட்டோ?"

அமலி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"என்னளா சத்தத்தையே காணோம்?"

"லைன் விட்டு விட்டு வருது மாமா. அப்புறமா பேசுறேன்."

காப்பீட்டு நிறுவனத்துக்குக் கிளாட்வின்தான் பேசினான். மறுமுனையில் இருந்த பெண் கோபப்படவில்லை. பாடப்புத்தகத் தமிழில் கருவி விளக்கியது: "தவறான பதிவு குற்றமன்று. அறிந்தபின் தொடர்தலே குற்றம். தங்கள் புதல்வி ஓராண்டாகக் காப்பின்றி இருக்கிறாள். இந்நாட்டில் காப்பற்ற குழந்தை தங்க இயலாது. புதுப்பிக்கும் நாளன்று அழைத்து வாருங்கள். மூன்று இரவுகள் அவள் பட்டை அணிந்தபின் பழைய பதிவு அழியும்."

"அந்தப் பழைய ஆள்?" என்று குறுக்கே கேட்டாள் அமலி.

"அவருடைய சுமை அவரிடமே திரும்பும்."

"அவரை அவர் பேர்லயே சேத்துக்க வழியில்லையா?"

"அரிதாக உண்டு. வட்டத்தில் ஒருவர் அவருக்காக இரட்டைப் பங்கு ஏற்க வேண்டும். மேலும் வட்டத்தார் பாதிப்பேருக்கு மேல் இசைய வேண்டும். ஒன்றை நினைவில் கொள்க. ஓராண்டாக அவர்கள் ஒரு குழந்தையைச் சுமப்பதாக எண்ணியிருந்தனர். உண்மையைச் சொல்லித்தான் இசைவு கேட்க முடியும்."

கிளாட்வின் தொடர்பைத் துண்டித்தான். "பிள்ளையை ஒழுங்காப் பதிவு பண்ணுவோம். சித்தப்பா பழையபடி இன்ஹேலர் வச்சிக்கிடட்டும். இவ்வளவு வருசம் இருந்தாருல்ல?"

"நீங்க அவரு குரலக் கேட்டீங்களா?"

"கேட்டேன். எனக்கும்தான் மனசு அடிச்சுக்குது. ஆனா குழந்தைன்னு சொல்லி ஒரு கெழவனச் சுமக்க வச்சிட்டு, இப்ப போய் இன்னும் சுமங்கன்னு கேக்கவா? நம்மள என்னன்னு நெனப்பாங்க?"

ஏமாற்றிவிட்டார்கள் என்று அமலியே நினைத்தவள்தானே?

புதுப்பிக்கும் நாள் வந்தது. நிறுவனத்தின் கூடம் கடலைப் பார்த்த பெரிய கண்ணாடி மண்டபம். வெளியே பனி மேலிருந்து விழுகிறதா, கீழிருந்து எழுகிறதா என்று சொல்ல முடியாதபடி மிதந்துகொண்டிருந்தது. பெஞ்சுகளில் அதே நாளில் புதுப்பிக்க வந்த பலபேர் தங்கள் எண்ணுக்காகக் காத்திருந்தார்கள். கிளாட்வின் மிர்னாவை அழைத்துக்கொண்டு பட்டை அளவெடுக்கும் அறைக்குள் போனான். அமலி ஓரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். தொம்மைக்காகக் கேட்பதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. கேட்காமல் எழுந்து போனால் மூன்று இரவு கழித்துத் தொம்மை ஏதோ ஒரு வீட்டுப் படியில் நின்று, மாதா தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொள்வார்.

அப்போது மூச்சு வந்தது. மடித்த சேலையின் அதே கனம், அதே நூலிழை. தூத்துக்குடியில் மதியம் தாண்டியிருக்கும். கொளுத்தும் வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு எந்த வீட்டு மாடியோ ஏறுகிறார்.

அமலி நெஞ்சில் கை வைத்தாள். வைத்தவள் நிமிர்ந்து பார்த்தபோது, எதிர்ப் பெஞ்சில் இருந்த ஒரு கிழவரும் நெஞ்சில் கை வைத்திருந்தார். தூணருகே நின்ற ஓர் இளம்பெண்ணும் அப்படியே. கிழவரின் மணிக்கட்டில் மஞ்சள் புள்ளி மினுங்கியது. அவர் பார்வை அமலியின் மணிக்கட்டுக்குப் போய்த் திரும்பியது. மெல்ல எழுந்துவந்து அவள் அருகே உட்கார்ந்தார்.

"பேசக்கூடாது என்பது விதி," என்றார். கருவி அவர் குரலின் நடுக்கத்தையும் சேர்த்தே சொன்னது. "ஆனால் எனக்கு எழுபத்தைந்து வயது. என்னை என்ன செய்துவிடுவார்கள்? நம் குழந்தை இன்று மிகவும் சிரமப்படுகிறது, இல்லையா?"

நம் குழந்தை என்றார்.

"நானும் என் மனைவியும் தினமும் அதைப் பற்றிப் பேசுகிறோம். அவள் வட்டத்தில் இல்லை. இருந்தும் எனக்கு மூச்சு வரும்போதெல்லாம் அவள்தான் முதலில் பதறுகிறாள். பிறந்தநாள் என்றைக்கென்று தெரியாததால் கிறிஸ்துமஸுக்குச் சிவப்புக் கம்பளிக் கையுறை பின்னினாள். எங்கே அனுப்புவது? அலமாரியில் கிடக்கிறது. பணத் திட்டத்துக்கு மாறிவிடச் சொல்லி என் மகன் சொன்னான். குழந்தையை நடுவில் எப்படி விட்டுவிட்டுப் போவது?"

சொல்லாமல் விட்டுவிடலாம். ஆமாம் ஐயா, குழந்தைதான் என்று சொன்னால் அவர் மனம் நிறைந்து போய்விடுவார். அமலி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அது கொழந்தை இல்லங்க," என்றாள். "அறுபத்திரண்டு வயசு. என் வீட்டுக்காரரோட சித்தப்பா. எங்க ஊர்ல இன்சூரன்ஸ் ஏஜென்டு. எம்மகளுக்குப் பதிலா அவரு பட்டையக் கட்டிக்கிட்டாரு. ஏமாத்தணும்னு இல்ல, புள்ள அழுதான்னு. இது அவருக்கே இன்னும் தெரியாது. எங்களுக்கே போன வாரந்தான் தெரியும்."

கிழவரின் கருவி சொல்லி முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது. அவர் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. கையை நெஞ்சிலிருந்து எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"அறுபத்திரண்டு," என்றார்.

"அறுபத்திரண்டு."

"கையுறை அவருக்குச் சேராது."

"எங்க ஊர்ல பனியும் பெய்யாது."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்விடுவார் என்று அமலி நினைத்தாள். தூணருகே நின்ற பெண் நெஞ்சைத் தடவிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அமலிக்கும் இறுக்கம் கூடியது. தொம்மை இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார்.

"அப்படியானால் அந்தப் பெண் யார்?" என்றார் கிழவர் திடீரென்று.

"எந்தப் பொண்ணு?"

"என் கனவில் உருவம் கிடையாது. ஒரு குரல் மட்டும்தான். ஒரு பெண் மேலேயிருந்து குனிந்து கூப்பிடுவாள். குழந்தையின் தாய் என்று நினைத்திருந்தோம். சொற்கள் புரியாது. ஆனால் ஓராண்டாகக் கேட்டதில் மனப்பாடமாகிவிட்டது."

அவர் கண்ணை மூடிக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிற பிள்ளைபோல ஒவ்வொரு ஒலியாகச் சொன்னார்.

"மெள்ள ஏறுங்க. யாரு வெரட்டுதா?"

அமலியின் காதுக் கருவி மௌனமாக இருந்தது. அது மொழிபெயர்க்க அங்கே எதுவும் இல்லை.

அவள் கண்ட படிக்கட்டின் உச்சியில் நின்றது யாரென்று இப்போது தெரிந்தது. பகலெல்லாம் வீடு வீடாய் ஏறி இறங்கிவிட்டு, சொந்த வீட்டுப் படியையும் ஓட்டமாய் ஏறுகிற மனிதனைப் பார்த்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று சொல்கிறாள். அமலிக்குப் படி கிடைத்தது, கிளாட்வினுக்கு எண்ணெய் வாசம், இந்தக் கிழவருக்குக் குரல்.

"அது அவரோட சம்சாரம். புளோரான்னு பேரு. செத்து ரொம்ப வருசம் ஆச்சு," என்றாள். "மெதுவா ஏறுங்க, உங்களை யாரு துரத்துறாங்கன்னு கேக்கிறாங்க."

கிழவர் அந்தச் சொற்களைக் கருவி வழியாகத் தம் மொழியில் ஒருமுறை கேட்டார். தாமே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"என் மனைவியும் இதைத்தான் சொல்கிறாள்," என்றார் கடைசியில். "நாற்பத்தெட்டு ஆண்டுகளாக. எங்கள் வீட்டில் படிக்கட்டே கிடையாது."

அமலியின் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். இரட்டைப் பங்கு, உண்மை, இசைவு என்று சொல்ல வேண்டியவற்றை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் கிழவரும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பதைக் கண்டாள்.

"உங்க நம்பரக் கூப்பிடலீங்களே."

"நீ என்ன கேட்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். என் மகனிடம் நான் என்ன சொல்வேன் என்றுதான் தெரியவில்லை. வா."

நாலு அடி போவதற்குள் நெஞ்சின் கனம் இன்னும் இறுகியது. நூலிழை கயிறாயிற்று. கிழவர் நின்றார். வெளிறிய முகத்தோடு, மண்டபத்தில் யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்ற கவலை இல்லாமல், கடல் இருந்த திசையைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"மெள்ள ஏறுங்க. யாரு வெரட்டுதா?"

தூணருகே இருந்த பெண் தலைநிமிர்ந்தாள். பட்டை அறையின் கதவைத் திறந்துகொண்டு கிளாட்வின் எட்டிப் பார்த்தான்.

நோய்க்காரனின் கனவு சுமப்பவரிடம் வரும் என்றுதான் தொம்மை சொல்லியிருந்தார். இங்கிருந்து எதுவும் திரும்பிப் போகும் என்று யாரும் சொன்னதில்லை. அமலி மூச்சை உள்ளே இழுத்தாள். கயிறு மெல்லத் தளர்ந்தது. இன்னொரு முறை இழுத்தாள், சேலையின் கனம் இல்லை. கிழவரும் அந்தப் பெண்ணும் அதேநேரம் கையை நெஞ்சிலிருந்து இறக்கினார்கள்.

எங்கோ வெயில் ஊரில், யார் வீட்டு மாடிப்படியின் திருப்பத்திலோ, பையைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் நின்றுவிட்டார். யாரோ மேலேயிருந்து கூப்பிட்டதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டு.